‘பீஸ்’ என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் அன்றாடப் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கொஞ்ச நேரம் பீஸ்ஃபுல்லா இருக்கணும்’ என்று தமிழ்ப் பேச்சில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். அதையே ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொல்லவோ எழுதவோ வேண்டிவந்தால்தான் சிக்கல். எந்த பீஸ், என்ன ஸ்பெல்லிங், முன்னால் ‘எ’ வருமா, ‘இன்’ போடுவதா ‘அட்’ போடுவதா என்று வரிசையாகச் சந்தேகங்கள் வரும். ஆங்கிலம் கற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. தமிழ் எழுத்தில் ஒரே மாதிரி தெரியும் சொற்கள் இதில் பல உண்டு. அதனால் தேவையான இடங்களில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிச் சொல்லியிருக்கிறோம்.

பீஸ் என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் எது?

ஒரே சொல்லைக் காட்ட முடியாது. நிம்மதி, அமைதி, சமாதானம், சாந்தி ஆகிய நான்கும் இடத்துக்குத் தக்கபடி பொருந்தும். எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ள ‘இங்கே எது ஓய்ந்திருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். போரோ பகையோ ஓய்ந்திருந்தால் சமாதானம். சத்தமும் தொந்தரவும் ஓய்ந்திருந்தால் அமைதி. மனதை அரிக்கும் கவலை ஓய்ந்திருந்தால் நிம்மதி. இறந்தவரைப் பற்றியோ வழிபாட்டிலோ வந்தால் சாந்தி.

‘தி டூ கன்ட்ரீஸ் ஆர் அட் பீஸ்’ என்றால் இரண்டு நாடுகளுக்கும் இடையே போர் இல்லை. அதை ‘நிம்மதியாக இருக்கின்றன’ என்று மொழிபெயர்த்தால் அபத்தம். ‘லெட் மீ ஈட் இன் பீஸ்’ என்றால் ‘நிம்மதியா சாப்பிட விடு’. அங்கே ‘சமாதானம்’ என்று போட்டால் சிரிப்பார்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் அகராதியைப் புரட்டும் வேலை பாதி குறையும்.

‘அப்பாடா, இப்பதான் நிம்மதி’ என்பதற்கு பீஸ் வருமா?

வராது. அங்கே வரவேண்டியது ‘ரிலீஃப்’. ‘வாட் எ ரிலீஃப்!’ என்றுதான் சொல்வார்கள். தமிழில் ‘நிம்மதி’ இரண்டு வேலை செய்கிறது. பாரம் இறங்கும் அந்த நொடியும் நிம்மதிதான், பாரமே இல்லாமல் இருக்கும் நிலையும் நிம்மதிதான். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடுகிறது. பரிசோதனை முடிவில் ஒன்றுமில்லை என்று தெரிந்தவுடன் வருவது ரிலீஃப். அதற்குப் பிறகு கவலையில்லாமல் கழியும் நாட்களில் இருப்பது பீஸ் ஆஃப் மைன்ட். தேர்வு முடிந்தது, கடன் அடைந்தது, காணாமல் போன பொருள் கிடைத்தது என்று ஒரு சம்பவம் முடிந்ததைச் சொன்னால் ரிலீஃப்தான்.

‘மன நிம்மதி’யை ‘மைன்ட் பீஸ்’ என்று சொல்லலாமா?

கூடாது. தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் இது மிக அதிகம் வரும் பிழை. ‘மன’ முதலில், ‘நிம்மதி’ பிறகு என்ற தமிழ் வரிசை அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. சரியான தொடர் ‘பீஸ் ஆஃப் மைன்ட்’ மட்டுமே. ‘ஐ நீட் மைன்ட் பீஸ்’ தவறு. ‘ஐ நீட் பீஸ் ஆஃப் மைன்ட்’ சரி. பலருடைய நிம்மதியைச் சொன்னாலும் ‘மைன்ட்ஸ்’ ஆகாது. ‘அவர் பீஸ் ஆஃப் மைன்ட்’ என்பதே வழக்கு (இங்கே ‘அவர்’ என்பது ‘எங்கள்’ என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்). ‘மை’, ‘யுவர்’ போன்ற சொற்கள் ‘பீஸ்’ என்பதற்கு முன்னால் வரும்.

இந்தத் தொடர் அதிகம் புழங்குவது ஓர் உறுதிக்காகச் செய்யும் காரியங்களைச் சொல்லும்போது. கதவைப் பூட்டியாயிற்று, பூட்டியது நினைவும் இருக்கிறது. ஆனாலும் நாலு படி இறங்கியவர் திரும்ப ஏறிவந்து பூட்டை ஓர் இழு இழுத்துப் பார்க்கிறார். அந்த இழுப்புக்கு ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் ஃபார் மை ஓன் பீஸ் ஆஃப் மைன்ட்’ என்று பெயர். ‘என் மனசு கேக்கணுமில்ல, அதுக்காக’ என்று நாம் சொல்வோமே, அதே தொனி. கூட அதிகம் வரும் வினைச்சொற்கள் மூன்று: தருவதற்கு ‘கிவ்’, இருப்பதற்கு ‘ஹேவ்’, கெடுவதற்கு ‘லூஸ்’.

‘நிம்மதியே போச்சு’ என்று அலுத்துக்கொள்ளும்போது ‘ஐ ஹேவன்ட் ஹேட் எ மோமென்ட்ஸ் பீஸ்’ என்று சொல்லுங்கள். ‘ஒரு நிமிஷம்கூட நிம்மதியில்லை’ என்பதற்கு அச்சாகப் பொருந்தும்.

ஸ்பெல்லிங்கில் எப்போதும் குழப்பம். எந்த பீஸ் எது?

அமைதியைக் குறிப்பது பி-இ-ஏ-சி-இ. துண்டைக் குறிப்பது பி-ஐ-இ-சி-இ. உச்சரிப்பில் இரண்டுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இதில் தவறுவதுண்டு.

நினைவில் நிறுத்த ஒரு வழி. துண்டு பீஸுக்குள் பி-ஐ-இ என்ற மூன்று எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. அது ‘பை’ என்ற பண்டம். வட்டமாகச் சுட்டு, வெட்டித் துண்டு துண்டாகப் பரிமாறுவது. துண்டுக்குள் பண்டம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. அமைதி பீஸில் நடுவே இ-ஏ வருகிறது. சிரமமின்மையைக் குறிக்கும் ‘ஈஸ்’ என்ற சொல்லும் இ-ஏ என்றுதான் தொடங்கும். கோபத்தில் இருப்பவரைத் தணிப்பதற்கான ‘அப்பீஸ்’ என்ற வினையிலும் அதே இ-ஏ உண்டு. அது அமைதி பீஸின் நேரடி உறவுக்காரச் சொல்.

ஸ்பெல்லிங் மாறினால் பொருள் தலைகீழாகும் இடமும் ஒன்று இருக்கிறது. ‘ஷி கேவ் மீ பீஸ் ஆஃப் மைன்ட்’ என்பதில் அமைதி பீஸ் இருந்தால் ‘அவர் எனக்கு நிம்மதி தந்தார்’. ‘ஷி கேவ் மீ எ பீஸ் ஆஃப் ஹர் மைன்ட்’ என்பதில் இருப்பது துண்டு பீஸ். அதற்கு ‘அவர் என்னை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்’ என்று பொருள். மனதில் இருந்ததில் ஒரு துண்டை எடுத்து முகத்துக்கு நேரே வைப்பது என்பது அதன் உட்கருத்து. அடையாளம் காண்பது எளிது. முன்னால் ‘எ’யும் மைன்டுக்கு முன்னால் ‘ஹர்’, ‘ஹிஸ்’, ‘மை’ போன்றவையும் இருந்தால் திட்டு. இரண்டும் இல்லாவிட்டால் நிம்மதி. நன்றி சொல்லி எழுதும் கடிதத்தில் இதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது என்ன?

தமிழ் எழுத்தில் ‘பீஸ்’ என்று எழுதினால் ஆங்கிலத்தின் ஐந்து சொற்கள் அதற்குள் அடங்கிவிடும்: அமைதி, துண்டு, பட்டாணி, தேனீக்கள், கட்டணம். கட்டணத்தை ‘ஃபீஸ்’ என்று ஆய்தம் போட்டுப் பிரிக்கலாம். பேச்சில் பலர் அதையும் ‘பீஸ்’ என்றே சொல்கிறார்கள். நம் எழுத்தில் குறையேதும் இல்லை, அது தமிழ் ஒலிகளுக்காக அமைந்தது. ஆங்கிலம் பேசும்போதுதான் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதல் எழுத்து. தமிழில் சொல்லின் முதலில் வரும் ‘ப’வில் காற்று வெடித்து வெளியேறாது. ஆங்கிலத்தில் வெடிக்கும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்து, வாய்க்கு முன்னால் நாலு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு ‘பீஸ்’ என்று சொல்லுங்கள். காகிதம் படபடத்தால் சரி. அசையாமல் நின்றால் ஆங்கிலக் காதுக்கு அது தேனீக்கள் என்று விழ வாய்ப்பிருக்கிறது. பத்துத் தடவை சொல்லிப் பார்த்தால் எவ்வளவு காற்று வேண்டும் என்று உதடே கற்றுக்கொள்ளும்.

நடுவில் உள்ள ஈ. இது நெடிலாகவே இருக்கவேண்டும், உதடு இருபுறமும் விரிய. அவசரத்தில் குறிலாகிவிட்டால் சிறுநீர் கழிப்பதைக் குறிக்கும் கொச்சைச் சொல் ஆகிவிடும். மேடையில் பேசுகிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

கடைசி ஸ். தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். அமைதி பீஸின் முடிவில் அதிர்வே இருக்கக்கூடாது, வெறும் காற்றுச் சீறல் மட்டும். அதிர்ந்தால் அது பட்டாணி. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பட்டாணியில் ஈ சற்று நீளும். அமைதியில் அதே ஈ கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆங்கிலேயர் காது அந்த நீளத்தை வைத்தும்தான் இரண்டையும் பிரிக்கிறது. அதற்காகக் குறிலாக்கிவிட வேண்டாம். நெடிலை இழுக்காமல் நிறுத்தினால் போதும்.

முன்னால் ‘எ’ போடலாமா? பன்மை உண்டா?

பொதுவாக ‘எ’ வராது. தண்ணீர், மணல் போல எண்ண முடியாத பெயர்ச்சொல் இது. ‘ஐ வான்ட் எ பீஸ்’ என்றால் கேட்பவர் துண்டு ஒன்று கேட்கிறீர்கள் என்றே நினைப்பார். ‘சம் பீஸ்’, ‘எ லிட்டில் பீஸ்’ என்று சொல்லலாம்.

ஒரு விலக்கு உண்டு. முன்னால் ஓர் அடைமொழி வந்து, எப்படிப்பட்ட அமைதி என்று வகைப்படுத்தினால் ‘எ’ வரும். ‘எ லாஸ்டிங் பீஸ்’ நிலைத்த சமாதானம். ‘அன் அனீஸி பீஸ்’ எந்த நேரமும் உடைந்துவிடக்கூடிய, பதற்றம் கலந்த அமைதி. செய்தித்தாள்களில் இவை அடிக்கடி வரும். பன்மை வடிவம் நடைமுறையில் இல்லை. ‘பீஸஸ்’ என்று காதில் விழுந்தால் அது துண்டுகள்தான்.

‘இன் பீஸ்’, ‘அட் பீஸ்’ – எங்கே எது?

‘இன் பீஸ்’ ஒரு செயல் எப்படி நடக்கிறது என்று சொல்கிறது: தொந்தரவு இல்லாமல், சண்டை இல்லாமல். ‘லிவ் இன் பீஸ்’, ‘வொர்க் இன் பீஸ்’, ‘லீவ் மீ இன் பீஸ்’. பெரும்பாலும் முன்னால் ஒரு வினைச்சொல் இருக்கும்.

‘அட் பீஸ்’ ஒருவரோ ஒரு நாடோ இருக்கும் நிலையைச் சொல்கிறது. முன்னால் ‘இஸ்’, ‘ஆர்’, ‘ஃபீல்’ போன்றவை வரும். ‘ஐ ஃபீல் அட் பீஸ் ஹியர்’ என்றால் ‘இங்கே வந்தா மனசு லேசாயிடுது’. ‘ஷி இஸ் அட் பீஸ் வித் ஹர் டெசிஷன்’ என்றால் எடுத்த முடிவைப் பற்றி அவருக்கு உறுத்தல் எதுவும் இல்லை. எச்சரிக்கை ஒன்று: நோயாளி ஒருவரைப் பற்றி ‘ஹி இஸ் அட் பீஸ் நௌ’ என்று மட்டும் சொன்னால் அவர் இறந்துவிட்டார் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். நன்றாக ஓய்வெடுக்கிறார் என்று சொல்ல நினைத்தால் ‘ஹி இஸ் ரெஸ்டிங் கம்ஃபர்டபிளி’ என்று சொல்லுங்கள்.

‘லீவ் மீ அலோன்’, ‘லீவ் மீ இன் பீஸ்’ இரண்டும் ‘என்னை விட்டுடு’தான். முதலாவது முகத்தில் அடித்தாற்போல இருக்கும். இரண்டாவதில் கெஞ்சல் கொஞ்சம் கலந்திருக்கும்.

‘ஐ ஆம் பீஸ்ஃபுல்’ என்று சொல்லலாமா?

இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் நீங்கள் நினைக்கும் பொருள் வராது. ஒரு மனிதரையோ மக்களையோ ‘பீஸ்ஃபுல்’ என்றால் ‘வம்பு தும்புக்குப் போகாதவர், வன்முறையை நாடாதவர்’ என்பதே முதலில் தோன்றும். ‘நான் நிம்மதியாக இருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஃபீல் பீஸ்ஃபுல்’ அல்லது ‘ஐ ஆம் அட் பீஸ்’ என்பதே சரி. ‘பீஸ்ஃபுல்’ என்பதற்கு முன்னால் ‘ஃபீல்’ வந்தால் உணர்வு, ‘ஆம்’ வந்தால் குணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பீஸ்ஃபுல் மிக இயல்பாக ஒட்டுவது இடத்தோடும் நேரத்தோடும்: அமைதியான காலைப்பொழுது, அமைதியான தோட்டம், தூங்கும் குழந்தையின் முகம். தூக்கத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. குழந்தை தூங்குவதைப் பார்த்து ‘ஸ்லீப்பிங் பீஸ்ஃபுல்லி’ என்பார்கள், அது வெளியிலிருந்து பார்ப்பவரின் சொல். ‘நேத்து நிம்மதியா தூங்கினேன்’ என்று தன்னைப் பற்றிச் சொல்ல ‘ஐ ஸ்லெப்ட் சவுண்ட்லி’ அல்லது ‘ஐ ஸ்லெப்ட் வெல்’ என்பதே வழக்கம்.

‘அமைதியாக இருங்கள்’ என்பதை எப்படிச் சொல்வது?

சத்தம் போடாதீர்கள் என்றால் ‘ப்ளீஸ் பி க்வைட்’. பதறாதீர்கள் என்றால் ‘ப்ளீஸ் ஸ்டே காம்’. ‘பி பீஸ்’ என்று ஒரு தொடரே கிடையாது. ‘பி பீஸ்ஃபுல்’ என்று சொன்னால் அடிதடியில் இறங்காதீர்கள் என்று ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது போல இருக்கும். ‘அவர் அமைதியானவர்’ என்பதும் இப்படித்தான். அதிகம் பேசாதவர் என்றால் க்வைட், பதறாதவர் என்றால் காம்.

பீஸ், காம், க்வைட், சைலன்ஸ் – வேறுபாடு என்ன?

க்வைட் ஒலியின் அளவைப் பற்றியது, சத்தம் குறைவு. சைலன்ஸ் என்றால் சத்தமே இல்லை. அது இனிமையாகவும் இருக்கலாம், பயமுறுத்தவும் செய்யலாம். கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லாதபோது நிலவுவது சைலன்ஸ்தான், பீஸ் இல்லை.

காம் அசைவையும் கொந்தளிப்பையும் பற்றியது. இதற்குக் காற்றளவியலில் துல்லியமான வரையறையே உண்டு. காற்றின் வேகத்தை அளக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் 0 என்ற படியின் பெயர் காம். காற்று மணிக்கு 1 கடல் மைலுக்கும் குறைவு, புகை நேர் மேலே எழும், கடல் கண்ணாடி போல இருக்கும். அதனால் அலையில்லாத கடலை முதலில் காம் என்பார்கள்; அதைப் பார்த்து மனம் லயித்தவர் பீஸ்ஃபுல் என்பார். காம் வினையாகவும் வரும்: ‘காம் டௌன்’. பீஸ் அப்படி வினையாக வராது. காம் எழுதும்போது சி-ஏ-எல்-எம். அதில் உள்ள ‘எல்’ என்ற எழுத்தை உச்சரிப்பதில்லை, ‘கால்ம்’ என்று சொல்லவேண்டாம்.

பீஸ் இந்த மூன்றையும்விட அகலமானது. சத்தம் இருந்தும் பீஸ் இருக்கலாம். அருவி இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு க்வைட் கிடையாது, பீஸ் உண்டு. ‘பீஸ் அண்ட் க்வைட்’ என்ற இணைத்தொடர் ஆங்கிலேயர் வீட்டில் தினமும் புழங்குவது: சத்தமும் இல்லாமல், கூப்பிட்டுத் தொல்லை செய்பவரும் இல்லாமல் கொஞ்ச நேரம். வரிசையை மாற்றி ‘க்வைட் அண்ட் பீஸ்’ என்று சொல்லக்கூடாது. க்வைட்டின் ஸ்பெல்லிங் கியூ-யு-ஐ-இ-டி. கடைசி இரண்டு எழுத்து இடம் மாறினால் ‘மிகவும், ஓரளவு’ என்னும் பொருளுள்ள ‘க்வைட்’ ஆகிவிடும். ஒலியிலும் வேறுபாடு உண்டு: அமைதிக்கு ‘க்வை-யெட்’ என இரண்டு அசை, மற்றதற்கு ஒரே அசை.

சமாதானம் செய்வது, சமாதானமாவது, சமாதானப்படுத்துவது – ஆங்கிலத்தில்?

மூன்றையும் ‘பீஸ்’ கொண்டு சமாளிக்க முயன்றால் தடுக்கும். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது ‘கம்ஃபர்ட்’ அல்லது ‘ஸூத்’. கோபத்தில் கத்துபவரைச் சமாதானப்படுத்துவது ‘காம் டௌன்’. சண்டை போட்ட நண்பர்களோ கணவன் மனைவியோ சமாதானமாகிவிட்டால் ‘தே மேட் அப்’. இதே இடத்தில் ‘தே மேட் பீஸ்’ என்றால் நெடுநாள் பகை தீர்ந்தது போலக் கனமாக ஒலிக்கும். வருடக்கணக்கில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் சேர்ந்துவிட்டால் அது பொருத்தம். வினை எப்போதும் ‘மேக்’தான், ‘டூ பீஸ்’ இல்லை. யாரோடு என்று சொல்ல ‘வித்’.

‘மேக் பீஸ் வித்’ மனிதரல்லாதவற்றோடும் வரும். ‘ஐ ஹேவ் மேட் மை பீஸ் வித் இட்’ என்றால் ‘அது அப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்’. மாற்ற முடியாத ஒன்றை ஏற்றுக்கொண்ட பிறகு வரும் சொல் இது. தமிழின் ‘மனசைத் தேத்திக்கிட்டேன்’ என்பதற்கு இதைவிட நெருக்கமான ஆங்கிலம் இல்லை என்றே சொல்லலாம்.

‘கீப் தி பீஸ்’, ‘ஹோல்டு யுவர் பீஸ்’ இரண்டும் ஒன்றா?

இல்லை. கீப் தி பீஸ் என்றால் சண்டை மூளாமல் பார்த்துக்கொள்வது. காவல் துறைக்கும் பொருந்தும், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரும் தாய்க்கும் பொருந்தும். ‘தி’ கட்டாயம். சட்டத் தொடரான ‘ப்ரீச் ஆஃப் தி பீஸ்’ என்பதிலும் இதே பொருள்: பொது அமைதிக்குக் குந்தகம்.

ஹோல்டு யுவர் பீஸ் என்றால் வாய் திறக்காமல் இருப்பது. ஆங்கிலத் திருமணச் சடங்கில், ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லவேண்டும், இல்லையேல் என்றென்றும் மௌனமாக இருக்கவேண்டும் என்று கேட்கும் இடத்தில் வரும் பழந்தொடர் இது. இதிலும் அமைதி பீஸ்தான். துண்டு பீஸ் போட்டு எழுதுவது பெரும் பிழை.

‘பீஸ் டாக்ஸ்’, ‘பீஸ்ஃபுல் டாக்ஸ்’ ஒன்றுதானே?

ஒன்றில்லை. செய்தி எழுதுபவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘பீஸ் டாக்ஸ்’ என்றால் சமாதானம் ஏற்படுத்துவதற்காக நடக்கும் பேச்சுவார்த்தை. அங்கே மேசையைக் குத்திக் கத்தினாலும் அது பீஸ் டாக்ஸ்தான். ‘பீஸ்ஃபுல்’ என்பது நடந்த விதத்தைச் சொல்கிறது. சம்பள உயர்வு கேட்டுக் கைகலப்பின்றி நடந்த ஊர்வலம் ‘பீஸ்ஃபுல் மார்ச்’. போர் வேண்டாம் என்று நடந்த ஊர்வலம் ‘பீஸ் மார்ச்’. தமிழில் ‘அமைதி ஊர்வலம்’, ‘அமைதியான ஊர்வலம்’ என்று இதே வேறுபாட்டை நாமும் வைத்திருக்கிறோம். அதை அப்படியே பின்பற்றினால் போதும்.

போர் நிறுத்தமும் பீஸும் ஒன்றா?

தமிழில் ‘போர் நிறுத்தம்’ என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் படிகள் உண்டு. ‘சீஸ்ஃபயர்’ சுடுவதை நிறுத்துவது. சில மணி நேரமாகவும் இருக்கலாம். ‘ட்ரூஸ்’ இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தற்காலிக ஓய்வு. ‘ஆர்மிஸ்டிஸ்’ படைகள் எழுத்துபூர்வமாகப் போரை நிறுத்துவது. ‘பீஸ் ட்ரீட்டி’ வந்தால்தான் போர் சட்டப்படி முடிகிறது.

முதல் உலகப் போரில் பீரங்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11 ஆர்மிஸ்டிஸில். ஜெர்மனியோடு வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28 அன்றுதான். கொரியாவில் 1953 ஜூலை 27இல் ஆர்மிஸ்டிஸ் கையெழுத்தாயிற்று. பீஸ் ட்ரீட்டி வரவே இல்லை. அதனால் அங்கே ‘1953இல் சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது’ என்று எழுதினால் தகவல் பிழை.

பீஸ்மேக்கர், பீஸ்கீப்பர் யார் யார்?

சண்டையிடுபவர்களைச் சேர்த்துவைப்பவர் பீஸ்மேக்கர். சேர்ந்த பிறகு மறுபடி மூளாமல் இடையில் நிற்பவர் பீஸ்கீப்பர். ஐக்கிய நாடுகள் சபையின் நீலத் தொப்பிப் படையினர் இரண்டாவது வகை. அவர்களுடைய பணி 1948இல் மத்திய கிழக்கில் போர் நிறுத்தத்தைக் கண்காணிப்பதில் தொடங்கியது. 1988இல் அவர்களுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

இரங்கல் சொல்லும்போது ஆர்.ஐ.பி. என்று எழுதலாமா?

‘ரெஸ்ட் இன் பீஸ்’ என்பதன் முதலெழுத்துகள் அவை. ‘ரெக்வியஸ்காட் இன் பாசே’ என்ற லத்தீன் தொடருக்கும் அதே மூன்று எழுத்துகள்தான்; அதுதான் மூலம். ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று நாம் சொல்வது.

பொதுவெளியில் ஒரு பிரபலத்தின் மறைவுக்கு மூன்று எழுத்து போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இறந்தவரின் குடும்பத்துக்கு நேரடியாக எழுதும்போது அது மிகவும் வறட்சியாகத் தெரியும். ‘மே ஷி ரெஸ்ட் இன் பீஸ்’ என்று முழுதாக எழுதி, ‘ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்’ என்று இருப்பவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். துக்கத்தில் இருப்பவர்தான் அந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறார். மரணச் செய்தியில் வரும் ‘பாஸ்டு அவே பீஸ்ஃபுல்லி’ என்பது துன்பமில்லாமல் உயிர் பிரிந்ததைக் குறிக்கும். விபத்தில் இறந்தவருக்கு அது பொருந்தாது.

களைத்து வந்தவரை ‘ஓய்வெடுங்கள்’ என்று சொல்ல நினைத்து ‘ரெஸ்ட் இன் பீஸ்’ என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். ‘கெட் சம் ரெஸ்ட்’ போதும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனின் ‘பாக்ஸ்’ என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக 12ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் இருந்த ‘ஃப்ரித்’ என்ற சொல் மெல்ல வழக்கொழிந்தது. பணம் கொடுப்பதைக் குறிக்கும் ‘பே’ இதே வேரிலிருந்து வந்த சொல்: கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவதுதான் அதன் முதற்பொருள். மெகல்லன் 1520இல் பெருங்கடலுக்குள் நுழைந்தபோது நீர் சாந்தமாக இருந்ததால் வைத்த பசிஃபிக் என்ற பெயரும் இந்தக் குடும்பம்தான்.

இரண்டு விரலைக் காட்டும் சைகையும் வட்டச் சின்னமும் எதைக் குறிக்கின்றன?

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்துக் காட்டுவது இரண்டாம் உலகப் போரில் வெற்றிச் சைகையாகப் பரவியது. 1960களில் போர் எதிர்ப்பாளர்கள் அதை பீஸ் சைகையாக மாற்றிக்கொண்டார்கள். உள்ளங்கை எதிரில் இருப்பவரைப் பார்த்து இருக்கவேண்டும். புறங்கையைக் காட்டினால் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் அது மோசமான வசவு. அந்த நாட்டவரோடு படம் எடுத்துக்கொள்ளும்போது கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டத்துக்குள் மூன்று கோடு கீழே விரியும் சின்னத்தை 1958இல் ஜெரால்டு ஹோல்டம் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக வரைந்தார். கொடிகளைப் பிடித்து எழுத்துகளைக் காட்டும் செமஃபோர் முறையில் ‘என்’னுக்கு இரண்டு கையும் சாய்வாகக் கீழே இருக்கும். ‘டி’க்கு ஒரு கை நேர் மேலே, ஒரு கை நேர் கீழே. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அந்தச் சின்னம் வந்துவிடும். ‘அணு ஆயுதக் களைவு’ என்பதற்கான இரு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.

‘பீஸ் அவுட்’ என்றால்?

‘சரி, வரட்டா’ என்பது போன்ற விடைபெறும் கொச்சை. நண்பர்களிடம் மட்டும். அலுவலக மின்னஞ்சலின் முடிவில் வேண்டாம்.

கணினியின் பிழைதிருத்தி துண்டு பீஸைப் பிடித்துவிடாதா?

நம்பவேண்டாம். இரண்டும் சரியான ஸ்பெல்லிங் உள்ள சொற்கள் என்பதால், எழுத்தை மட்டும் பார்க்கும் திருத்தி சிவப்புக் கோடு போடாது. பேசினால் எழுதிக்கொடுக்கும் வசதியும் ஒரே ஒலியைக் கேட்டு இரண்டில் ஒன்றைச் சூழலை வைத்து ஊகிக்கிறது; வாக்கியம் சின்னதாக இருந்தால் ஊகம் தவறும். எழுதி முடித்ததும் பி-ஐ-இ-சி-இ என்று தட்டித் தேடுங்கள். வந்து நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ‘துண்டு’ என்று தமிழில் போட்டுப் படியுங்கள். பொருள் ஒட்டவில்லையென்றால் அங்கே இ-ஏ வரவேண்டும். ‘பீஸ் ஆஃப் மைன்ட்’ வரும் இடத்தில் மட்டும் முன்னால் ‘எ’ இருக்கிறதா என்று கூடுதலாக ஒரு தடவை பாருங்கள்.